ஜப்பானில் நாற்காலியை விட்டு எழுந்தேன்

லிஃப்ட் கதவு முழுதாக மூடும்வரை அவர்கள் மூன்று பேரும் இடுப்பை வளைத்துக் குனிந்தே நின்றார்கள். நடுவில் நின்றவர் மோரி. நான் கவர் விற்கப் போன கம்பெனியின் மேனேஜர். அவருடைய உச்சந்தலையில் வட்டமாக முடி கொட்டியிருந்தது. கதவு இடுக்கில் நான் கடைசியாகப் பார்த்தது அந்தச் சொட்டையைத்தான்.

நான் எதற்காக எழுந்தேனோ அது நடக்கவில்லை. 'அட, இருங்கம்மா' என்று யாராவது ஒருவர் மறிப்பார்கள் என்று நினைத்துத்தான் எழுந்தேன். அவர்கள் மரியாதையாக வழியனுப்பி வைத்துவிட்டார்கள்.

லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற இளவரசனிடம் கேட்டேன்.

"தம்பி, இவங்க பின்னாடி வருவாங்களா?"

"யாருக்கா?"

"அவங்கதான். இப்ப மேல நின்னாங்கல்ல."

"எதுக்குக்கா வரணும்? நீங்கதான் வேணாம்னுட்டீங்களே."

இளவரசன் ஆத்தூர்க்காரர். ஒசாகாவுக்குப் போய்க் குடும்பமாகிப் பல வருஷம் ஆகிறது. தாடி நரைக்கத் தொடங்கிவிட்டது. நான் பேசுவதை அவர்களுக்கும், அவர்கள் பேசுவதை எனக்கும் மாற்றிச் சொல்வதற்காகக் கூட வந்தவர். சொன்ன வேலையை ஒரு சொல் குறையாமல் செய்தார். அதுதான் வினையாகப் போனது.

பிளாஸ்டிக்காரி

விசா வாங்க அலைந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார், மண்ணைக் கெடுக்கிற பிளாஸ்டிக் கவர் விற்பவளுக்குப் பத்திரிகையில் தொடர் ஒரு கேடா என்று.

ஐயா, நீங்கள் போன தீபாவளிக்கு வாங்கிய வேட்டி எதில் சுற்றி வந்தது? வாழை இலையிலா? கடைக்காரர் கவர் இல்லாமல் கொடுத்திருந்தால், 'பழைய சரக்கா?' என்று கேட்டிருப்பீர்கள். காய்கறிப் பைக்குத் தடை வந்த அன்றே நாங்கள் அந்தப் பையை நிறுத்திவிட்டோம். துணிக்கு உள்ள கவர் மட்டும்தான் போடுகிறோம். என்னைத் திட்டுகிறவர்கள் வீட்டுப் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டுத் திட்டட்டும்.

எங்கள் பட்டறை மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு ஊதுகிற மெஷின், வெட்டி ஒட்டுகிற மெஷின் இரண்டு, வேலைக்கு ஆறு பெண்கள். பிளாஸ்டிக் குருணையைக் கொட்டிச் சூடேற்றினால் அது இளகி, காற்றடைத்த குழாய் போல உயரமாக மேலே எழும்பும். வெளிச்சம் படும்போது சோப்புக் குமிழி மாதிரி இருக்கும். அதைச் சுருட்டி, வெட்டி, ஓரம் ஒட்டினால் கவர். இளம்பிள்ளை சேலை, குமாரபாளையம் துண்டு, லுங்கி எல்லாம் எங்கள் கவரில் போய்க்கொண்டிருந்தன.

பிறகு வெளியூரிலிருந்து பெரிய கம்பெனிக்காரர்கள் லாரி லாரியாகக் கவரை இறக்கினார்கள். எங்கள் மெஷின் வாரத்தில் பாதி நாள் நின்றது. அதை விலைக்குக் கேட்டுச் சேலத்திலிருந்து ஒரு ஆள் வந்து பார்த்தார். இரண்டாவது தடவை வந்தபோது, கழற்றி ஏற்றுவதற்காகக் கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்தார். எனக்கு அந்த டேப்பைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஜப்பானுக்குத் துண்டு அனுப்புகிற குமாரபாளையத்து ஏற்றுமதிக்காரர் ஒருவர் கூப்பிட்டார்.

"அக்கா, துண்டுக்குக் கவரு யாருகிட்ட வாங்கோணும்னு அந்த ஜப்பான் கம்பெனிக்காரவிங்களேதான் சொல்லுவாங்க. நீங்களே நேர்ல போய்ப் பேசி முடிச்சுட்டு வந்துருங்க. உங்க பேரு அங்க ஏறிருச்சுன்னா அப்பறம் மெஷின் நிக்காதுங்க்கா."

பேசி முடித்தால் மெஷின் இருக்கும். முடிக்காவிட்டால் அது சேலத்துக்குப் போகும். இந்த ஒரு காரியத்துக்காகத்தான் நான் விமானம் ஏறினேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை.

முட்டைக்குச் சட்டை

போய் இறங்கிய அன்று மழை. ஒரு கடைக்குள் நுழையப் போனோம். வாசலில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். இளவரசன் நனைந்த குடையை அதற்குள் விட்டு உருவினார். குடைக்கு நீளமாக ஒரு கவர் மாட்டிக்கொண்டு வந்தது. கடைக்குள் தண்ணீர் சொட்டக்கூடாதாம்.

உள்ளே போனால் பிஸ்கட் பெட்டிக்கு மேலே ஒரு கவர், உள்ளே ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் தனித்தனிக் கவர். ஒற்றை வாழைப்பழத்துக்கு ஒரு கவர். பழத்துக்குத்தான் கடவுள் ஏற்கெனவே தோல் கொடுத்திருக்கிறாரே! நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டே போனேன். கடைக்காரப் பெண் என்னையே பார்த்தாள்.

கடைசியில் அதைப் பார்த்தேன். ஒரே ஒரு அவித்த முட்டை, ஓட்டோடு. அதற்கும் ஒரு கவர்.

நாமக்கல் பக்கத்துக்காரிக்கு முட்டை தட்டில் முப்பது முப்பதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். அங்கே ஒரு முட்டை சட்டை போட்டு உட்கார்ந்திருந்தது.

"தொட்டுக்க உப்பு எங்க தம்பி?"

"உப்பு உள்ளயே இருக்கும்க்கா."

"கவருக்குள்ளயா?"

"முட்டைக்குள்ள."

"ஓடு உடையாம உப்பு எப்படிய்யா உள்ள போச்சு?"

"தெரியலக்கா. இத்தனை வருஷமாத் தின்னுட்டு இருக்கேன், கேட்டதில்ல."

உரித்துத் தின்று பார்த்தேன். உப்பு இருந்தது. இதை ராத்திரி அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் அவர் இல்லை என்பதும் ஞாபகம் வந்தது. ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

ஓட்டைப் போடக் குப்பைத்தொட்டி தேடினேன். தெருவில் ஒரு தொட்டிகூடக் கிடையாது. அவரவர் குப்பையை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டுமாம். முட்டை ஓடும் அதன் சட்டையும் அன்று பூரா என் கைப்பையில் கிடந்தன. அத்தனை கவர் புழங்குகிற ஊரில் தரையில் ஒன்றுகூட இல்லை. நம் பக்கம் வேலிகாத்தான் முள்ளில் காய்த்துத் தொங்குகிறதே, அதுபோல ஒன்றாவது இருக்கிறதா என்று வேண்டுமென்றே தேடினேன். இல்லை. எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. நாம் போடுவதைத்தான் அவர்களும் போடுகிறார்கள். திட்டு மட்டும் எனக்கு.

நான் எழுவேன், அவர் இருப்பார்

'அவர்' என்றால் என் வீட்டுக்காரர். பட்டறை அவர் தொடங்கியது. வியாபாரம் பேசியது நான்.

கல்யாணமான புதிதில் இளம்பிள்ளையில் ஒரு சேலை வியாபாரியிடம் இரண்டு பேரும் போனோம். அந்த ஆள் கவரைக் கசக்கிப் பார்த்துவிட்டு அடிமட்ட விலை கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "இந்த வெலைக்குக் கட்டாதுங்க. நான் வாரேன்" என்று எழுந்துவிட்டேன். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தால் அவர் எழவே இல்லை. சுவரில் தொங்கிய காலண்டரில் முருகனைப் பார்த்துக்கொண்டு, சாவகாசமாக டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

வியாபாரி பதறிவிட்டார். "அட, அக்கா! உக்காருங்கக்கா! பேச்சுன்னா நாலும் இருக்குந்தானுங்க. ஏனுங்க மாமா, அக்காளுக்கு நீங்க சொல்லப்படாதுங்களா?"

"நா சொன்னாக் கேக்கற ஆளுங்களா அது?" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "இரு சாமி. அவரு என்னதான் சொல்றாருன்னு கேப்போம்" என்றார்.

நான் உட்கார்ந்தேன். விலை கொஞ்சம் ஏறியது. திரும்பி வரும்போது வண்டியில், "நீங்க ஏன் எந்திரிக்கல?" என்று சண்டை பிடித்தேன்.

"ரெண்டு பேரும் எந்திரிச்சா ஊட்டுக்குத்தான் போகோணும்" என்றார்.

அதற்குப் பிறகு அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. பேசி வைத்துக்கொண்டதில்லை. எந்தக் கடையிலும் நான் எழுவேன், அவர் இருப்பார். எங்கள் பக்கத்து வியாபாரத்தில் எழுவது என்றால் போவது அல்ல. இன்னும் பேசலாம் என்று அர்த்தம். எழுந்தவரை உட்கார வைப்பது கடைக்காரரின் கடமை. உட்கார வைக்கத் தெரியாதவன் கடை வைக்கத் தகுதியில்லாதவன் என்பார்கள்.

வாய்பேசாதவர், பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்றெல்லாம் அவரைச் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்குத் தெரிந்து அவர் ஒரே ஒரு தடவை எழுந்தார். ஜலகண்டாபுரத்தில் ஒரு லுங்கி வியாபாரி, என்னை உட்கார வைப்பதற்குப் பதில், "பொம்பளையப் பேச உட்டா இப்படித்தான்" என்றார். என் வீட்டுக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்தார். செருப்பைப் போட்டார். நான் அந்த ஆளைத் திட்டுவதற்கு நாலு வார்த்தை எடுத்து வைத்திருந்தேன். அதற்குள் அவர் வண்டியை எடுத்துவிட்டார். அந்தக் கடைப் பக்கம் பிறகு நாங்கள் தலைவைத்துப் படுக்கவில்லை. அந்த ஆளே பட்டறைக்கு வந்து கேட்டபோதும் கவர் போடவில்லை.

ஜப்பான் போனதற்கு முந்தின வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலையில் அவர் நெஞ்சைப் பிடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்த மனுஷன், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

அவர் போனபிறகும் உள்ளூர்க் கடைகளில் நான் எழுவதை நிறுத்தவில்லை. அவர்களும் பழகிய பழக்கத்தில் என்னை உட்காரச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதனால் எதுவும் மாறவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் மாடி

மோரியின் அலுவலகம் மூன்றாம் மாடியில். ஒரு வெள்ளை மேசை, இந்தப் பக்கம் மூன்று நாற்காலி, அந்தப் பக்கம் மூன்று. நான் நடுவில் உட்கார்ந்தேன். இளவரசன் என் இடப்பக்கம். வலப்பக்கம் காலி.

மோரி கவரைக் கசக்கவில்லை, இழுக்கவில்லை. வாயைத் திறந்து உள்ளே மூக்கை விட்டு, கண்ணை மூடி மோந்து பார்த்தார். துண்டில் பிளாஸ்டிக் வாடை ஏறக்கூடாதாம். பக்கத்திலிருந்த இரண்டு பேரும் வாங்கி வாங்கி மோந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தை மோந்து பார்த்ததுபோல எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் மூன்று பேரும் தலையாட்டினார்கள். வாடை இல்லை.

பிறகு மோரி ஒரு விலை சொன்னார். சத்தம் இல்லாமல், தலையைக் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னார். கவரில் அவர்கள் பெயரை அச்சடிப்பதும் சேர்த்து அந்த விலை. கட்டாது.

எனக்கு வேறு என்ன தெரியும்? "இந்த வெலைக்குக் கட்டாதுங்க. நான் வாரேன்" என்று எழுந்தேன்.

இளவரசன் அதை அப்படியே மாற்றிச் சொன்னார். சொல்லிவிட்டு, பெரியவள் எழுந்துவிட்டாளே என்று அவரும் எழுந்தார். அதைப் பார்த்து எதிரே இருந்த மூன்று பேரும் எழுந்தார்கள்.

"அட, நீ ஏய்யா எந்திரிக்கிற?" என்றேன்.

"நீங்கதானேக்கா எந்திரிச்சீங்க."

மோரி மெதுவாக ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன்.

"இவ்ளோ தூரம் வந்ததுக்கு நன்றியாம். சிரமப்படுத்திட்டோம், மன்னிக்கணுமாம்."

நான் வலப்பக்கம் திரும்பினேன். பழக்கம். அந்தக் காலி நாற்காலிதான் இருந்தது. அவர் உட்கார்ந்திருந்ததால்தான் இத்தனை வருஷமும் என்னால் எழ முடிந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள எனக்குக் கடல் தாண்ட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் லிஃப்ட்.

வாசல்

கீழே வாசலில் ஒரு கல்மேடை இருந்தது. அதில் உட்கார்ந்துகொண்டேன்.

"அக்கா, போலாம்க்கா. இங்க இப்படில்லாம் உக்காரக் கூடாது."

"இரு தம்பி. எங்க பக்கம்னா இந்நேரம் கணக்குப்பிள்ளை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடியாந்திருப்பாரு."

"இங்க யாரும் வரமாட்டாங்க. இவங்களுக்கு வேணாம்னா வேணாம்தான்."

மத்தியானம் மோரி வந்தார். அவர் எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டார். குனிந்தார். ஏதோ கேட்டார்.

"என்ன சொல்றாரு? வெல ஏத்தறாரா?"

இளவரசன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "டாக்ஸி கிடைக்கலயான்னு கேக்கறாரு. கூப்பிட்டுத் தரட்டுமாங்கறாரு."

"வேண்டாம்னு சொல்லு."

மோரி மறுபடி குனிந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அழுகை வரவில்லை. பட்டறைக் கதவை அளந்த டேப் மட்டும் கண்ணுக்குள் நின்றது. எழுந்து வந்த கடைக்குள் தானாகத் திரும்பி நுழைவது எங்கள் பக்கம் பெரிய கேவலம். செத்தாலும் செய்யமாட்டார்கள். ஆனால் அந்தக் கேவலத்தைப் பார்க்க அங்கே எங்கள் ஊர்க்காரர் யார் இருக்கிறார்கள்?

"தம்பி, அவரு சாப்ட்டு வரட்டும். நாம மறுபடி மேல போறோம். நீ போனதும் உக்காந்துக்க. நான் எந்திரிச்சாலும் நீ எந்திரிக்கக் கூடாது."

"என்னக்கா இது, மரியாதை தெரியாதவன்னு நெனப்பாங்க."

"நெனைக்கட்டும். எங்கூட்டுக்காரரை எத்தன பேரு நெனச்சிருப்பாங்க? அவரு அசைஞ்சாரா?"

மறுபடியும்

அதே மேசை. மோரி எங்களை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை. இளவரசன் நாற்காலியின் கையை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தார், பஸ்ஸில் கம்பியைப் பிடித்த மாதிரி.

நான் சுற்றி வளைக்கவில்லை. "எங்க ஊர்ல எந்திரிச்சா போறதுன்னு அர்த்தமில்ல, இன்னும் பேசலாம்னு அர்த்தம். அதை நீங்க தெரிஞ்சிருக்க நாயமில்ல. தப்பு என்மேல" என்றேன்.

இளவரசன் நிறைய நேரம் எடுத்துச் சொன்னார். மோரி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"அப்படின்னா லிஃப்ட் வரைக்கும் வந்து உங்களை அனுப்பி வெச்சது பெரிய தப்புங்கறாருக்கா. ரொம்ப வருத்தமாம்."

அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். கேலி இல்லை. எனக்கு முதல் தடவையாக அந்த மனுஷனைப் பிடித்தது.

விலை மாறாது என்றார். அது அவர் கையில் இல்லையாம். ஆனால் அச்சு வேண்டாம், கவரை வெறுமனே கொடுத்தால் போதும், பெயர் ஒட்டுகிற வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார். நான் மனதுக்குள் மையையும் ஆள் கூலியையும் கழித்துப் பார்த்தேன். லாபம் என்று பெரிதாக இல்லை. ஆனால் மெஷின் ஓடும். ஆறு பெண்களும் வேலைக்கு வருவார்கள். சேலத்துக்காரர் டேப்பைச் சுருட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"கட்டும்" என்றேன்.

மோரி சிரித்தார். பேச்சு முடிந்தது. எதிரே மூன்று பேரும் எழுந்தார்கள். இளவரசன் என்னைப் பார்த்து, இப்போது எழலாமா என்று கண்ணாலேயே கேட்டுவிட்டு எழுந்தார்.

நான் எழவில்லை. எந்தக் கடையிலும் முதலில் எழுகிறவள் நான். வியாபாரம் முடிந்தபிறகு கடைசியாக எழுந்து, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வருகிறவர் அவர். இப்போது எழுந்துவிட்டால் இந்தக் காரியம் முடிந்துவிடும். அவர் இல்லாமல் நான் பேசி முடித்த முதல் பெரிய காரியம் அது. அது முடிந்துவிட்டால், இனி எல்லாமே இப்படித்தான் என்று ஆகிவிடும். செத்தவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் அங்கே உட்கார்ந்து அவரை வாய்க்குள் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியாக, "இருந்திருக்கலாமில்ல?" என்று கேட்டேன்.

மோரி என்னைப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் நாற்காலியை இழுத்து மறுபடி உட்கார்ந்தார். மற்ற இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். இளவரசனும் உட்கார்ந்தார்.

பிறகு மோரி தணிந்த குரலில் கேட்டார்.

"இன்னும் எதுவும் பேசணுமான்னு கேக்கறாருக்கா."

"இல்லைன்னு சொல்லு" என்றேன்.

இளவரசன் சொன்னார். அப்போதும் யாரும் எழவில்லை.